இந்திய யூதரின் தொழுகைக்கூடங்களும் சீர்திருத்தமும் – ஒரு வரலாற்று நோக்கு

மலைநாட்டுத் தேயிலையின் வரலாறு பேசப்படுமிடங்களில் 1867ஆம் ஆண்டும் லூல்கந்துரைத் தோட்டமும் ஜேம்ஸ் டெயிலரின் பெயரும் முதலிடம் பெறுவது வழக்கம். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1841இல், சீனத் தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து புசல்லாவையில் நாட்டியவர் மொரிஸ் டி வோர்ம்ஸ் என்னும் யூதர் என்பது பலரும் அறியாத செய்தி. லிந்துலையிலிருந்து நானுஓயா, நுவரெலியா ஆகியவற்றைக் கடந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கம்பளை நோக்கி இறங்குவோர் புசல்லாவையை அடுத்து 'ரொத்சைல்ட்' எனும் தோட்டப்பெயரை இன்றும் காண்பர். மொரிசும் அவருடைய சகோதரர் கேப்ரியலும் பிராங்போர்ட் நகரின் புகழ்பெற்ற ரொத்சைல்ட் வங்கியாளர் குடும்பத்தின் பெண்வழிப் பேரர்கள். அக்குடும்பப் பெயரே தோட்டத்துக்கும் சூட்டப்பட்டது. கோப்பிக் காலத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து கால்நடையாக வந்த கூலியாட்களின் உழைப்பால் வளர்ந்த அத்தோட்டங்களை 1860களில் அவர்கள் விற்றுவிட்டனர்.

அச்சகோதரர்கள் மலைநாட்டில் விட்டுச்சென்றது ஒரு பெயரும் ஒரு பயிருமேயாகும். தமக்கென ஒரு வழிபாட்டிடத்தை அவர்கள் இங்கு எழுப்பவில்லை. மாறாக, லயங்களில் வாழ்ந்த தொழிலாளரோ கல்லையும் சூலத்தையும் நாட்டி மாரியம்மனை நிறுத்தி, ஆண்டுதோறும் திருவிழாவும் காமன் கூத்தும் நிகழ்த்தித் தம் ஊரை மலையிலே மீளப் படைத்துக்கொண்டனர். ஒரு சமூகம் புதுநிலத்தில் வேரூன்றுவதை அதன் வழிபாட்டிடமே காட்டுகிறது என்னும் அளவில், யூதர் வரலாற்றை அறியவேண்டின் அவர்கள் வேரூன்றிய இந்தியக் கரையோரத்தையே நோக்கவேண்டும்.

வோர்ம்ஸ் சகோதரர் புசல்லாவையில் தேயிலை நட்ட அந்த ஆண்டுகளிலேயே, அவர்தம் முன்னோரின் பிராங்போர்ட் நகரில் யூத வழிபாடு பற்றிய பெரும் வாதமொன்று மூண்டிருந்தது. 1845இல் அங்குக் கூடிய யூத குருமாரின் மாநாடு, தொழுகைக்கு எபிரேய மொழி இன்றியமையாததா என்ற வினாவை எழுப்பியது. சமயச் சட்டப்படி அது இன்றியமையாததன்று என்ற கருத்துக்குப் பெரும்பான்மையோர் சார்பாக நின்றபோது, சக்கரியாஸ் பிராங்கெல் என்னும் அறிஞர் மாநாட்டை விட்டு வெளியேறினார். தமிழில் வழிபாடா, வடமொழியில் வழிபாடா எனும் வாதத்தைக் கேட்டுப் பழகிய தமிழருக்கு இவ்வினா அந்நியமானதன்று.

யூதரின் வழிபாடு பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். கி. பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின், பலியிடும் வழிபாடு யூதரிடையே நின்றுபோயிற்று. அதனிடத்தைத் தொழுகைக்கூடம் பெற்றது. அங்குக் கருவறையோ விக்கிரகமோ இல்லை. எருசலேமை நோக்கிய சுவரில் ஒரு பேழை அமைந்திருக்கும். அதனுள் தோலில் எழுதப்பட்ட தோராச் சுருள்கள் பேணப்படும். நடுவே வாசக மேடை. வயதுவந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றிப் பொதுத்தொழுகையின் முக்கிய பகுதிகளை ஓதுதல் இயலாது. பெண்கள் அப்பதின்மருள் எண்ணப்படார். அவர்கள் மேன்மாடத்திலோ தடுப்பின் பின்னோ அமர்வர். தோராவை வாசிக்க மேடைக்கு அழைக்கப்படுவதே ஒருவன் அச்சமூகத்தின் முழு உறுப்பினன் என்பதற்கான வெளிப்படையான சான்று. பின்னர்க் கூறப்படும் கொச்சி வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வொரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஜேர்மனியிலே 1810இல் சீசன் என்ற சிற்றூரில் இஸ்ரவேல் யாக்கப்சன் என்பார் பள்ளியோடு இணைந்த ஆலயமொன்றை நிறுவி, அதில் ஒர்கன் இசையையும் ஜேர்மன் மொழிப் பிரசங்கத்தையும் புகுத்தினார். 1818இல் ஹம்பர்க் நகரில் தோன்றிய ஆலயம் இதனைப் பெருநகர வழக்காக்கியது. மரபுவழிக் குருமார் மறு ஆண்டே கண்டன நூலொன்றை வெளியிட்டனர். பிரசங்கம் என்னும் வடிவத்தைக் கிறித்தவரிடமிருந்து பெற்றுத் தம் சமயத்தைக் காக்கப் பயன்படுத்தியவர்கள் யூதர் மாத்திரமல்லர். 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கியதும் அவ்வகையினதே. எனினும் நாவலர் வடிவத்தை மட்டுமே பெற்று ஆகம வழிபாட்டை இறுகப் பற்றினார். ஹம்பர்க் யூதரோ வழிபாட்டு நூலையே மாற்றினர். மீட்பர் தோன்றி யூதரை எருசலேமில் மீளக் கூட்டுவார் என்ற மன்றாட்டுகள் அதில் மாற்றியமைக்கப்பட்டன. ஜேர்மானியக் குடியுரிமை வேண்டி நின்றவர்க்கு அம்மன்றாட்டு இடையூறாகத் தோன்றியது. சீர்திருத்தம் தூய சமயச் சிந்தனையால் மட்டும் பிறந்ததன்று, குடியுரிமை ஏக்கமும் அதனுட் கலந்திருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

இலண்டனில் 1840இல் சீர்திருத்தக் கூடமொன்று தோன்றியபோதும், இந்தியாவுடன் நேரே தொடர்புபட்டது 1902இல் அங்கே உருவாகிய யூத சமய ஒன்றியமேயாகும். அதன் உயிர்நாடியாக விளங்கியவர் லில்லி மொன்டேகு என்னும் பெண்மணி. அறிஞர் குளோட் மொன்டிபியோர் அவருக்குத் துணைநின்றார். சனிக்கிழமைப் பிற்பகலில், ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர, பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே தொழுகை நடத்தப்பட்டது. ஓய்வுநாட் காலையிலும் வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையிலிருந்த யூதரை மனத்திற் கொண்டே பிற்பகல் தெரியப்பட்டது. லில்லியின் தந்தையார் சாமுவேல் மொன்டேகு பெருஞ் செல்வர். மரபில் அணுவளவும் பிறழாதவர். மகளின் முயற்சியை அவர் இறுதிவரை எதிர்த்தார். 1918இல் லில்லி தாராளவாதத் தொழுகைக்கூடத்தின் பீடத்தில் நின்று பிரசங்கம் செய்தார். அவருடைய சகோதரர் எட்வின் மொன்டேகுவோ அதே ஆண்டில் இந்தியாவுக்கான அரசாங்கச் செயலாளராக, மொன்டேகு – செம்ஸ்போர்ட் அறிக்கையை வெளியிட்டார். ஒரே இல்லத்துப் பிள்ளைகள் இருவருள் ஒருவர் தொழுகையையும் மற்றவர் பேரரசின் ஆட்சிமுறையையும் சீர்திருத்த முனைந்தனர். இந்தியத் தேசியவாதிகளுக்குத் தம்பியின் சீர்திருத்தம் போதாததாயிற்று. தமக்கையின் சீர்திருத்தமோ பம்பாயிலே மாணாக்கி ஒருவரைப் பெற்றது.

அம்மாணாக்கி டொக்டர் ஜெருஷா ஜிராத். 1890இல் மைசூர் நாட்டுச் சிமோகாவில் பிறந்தவர். பெனே இஸ்ரவேலர் எனப்படும் யூத சமூகத்தைச் சேர்ந்தவர். இலண்டனில் மகப்பேற்று மருத்துவம் பயின்று திரும்பி, 1928 முதல் 1947 வரை பம்பாய்க் காமா வைத்தியசாலையின் பொறுப்பாளராகப் பணியாற்றினார். 1966இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இலண்டனிற் கல்வி கற்ற காலத்தில் லில்லி மொன்டேகு, மொன்டிபியோர் ஆகியோரின் வழிபாட்டில் ஈடுபாடு கொண்ட அவர், நாடு திரும்பிய சில ஆண்டுகளில், 1925இல், பம்பாயில் யூத சமய ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு இலண்டனில் உருவான முற்போக்கு யூத உலக ஒன்றியத்துடன் இச்சங்கமும் இணைந்தது. அதன் தொழுகைக்கூடம் ரோதெப் ஷாலோம் எனப் பெயர் பெற்றது. 'சமாதானத்தை நாடுபவர்' என்பது அப்பெயரின் பொருள்.

ஜிராத் அம்மையார் கால்கொண்ட சமூகத்தின் இயல்பை அறியாது இம்முயற்சியின் தன்மையை மதிப்பிடுதல் இயலாது. கொங்கணக் கரையில் நவ்காவ் என்ற ஊரருகே கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் மட்டும் கரைசேர்ந்தனர் என்பது பெனே இஸ்ரவேலரின் மரபுக்கதை. நூல்களை இழந்த அவர்கள் பல நூற்றாண்டுகள் எண்ணெய் ஆட்டி வாழ்ந்தனர். சனிக்கிழமைகளில் செக்கு ஓட்டாததால் அயலவர் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என அழைத்தனர். மொழி மராத்தி. ஒரே ஒரு மன்றாட்டு வாக்கியம், விருத்தசேதனம், ஓய்வுநாள், உணவு விலக்குகள், சில நோன்புகள் என்பவையே அவர்தம் யூதமாக எஞ்சி நின்றன. அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழமும் கலந்து எலியா தீர்க்கதரிசியின் பெயரால் படைக்கும் 'மலிதா' என்னும் சடங்கு அவர்களுக்கே உரியது. கொங்கண மண்ணின் மணம் அச்சடங்கில் கமழ்வதை எவரும் உணர்வர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அவர்களுக்கு முறையான தொழுகைக்கூடம் வாய்த்தது. ஆங்கிலேயர் படையிற் பணியாற்றிய சாமுவேல் எசக்கியேல் திவேக்கர் என்பவர் 1796இல் பம்பாயில் முதற் கூடத்தைக் கட்டினார். திப்பு சுல்தானின் சிறையிலிருந்து மீண்டமைக்கு நன்றியாக அவர் அதனை எழுப்பினார் என்பர். அதன்பின் கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்கள் எபிரேய மந்திரங்களையும் வழிபாட்டு முறையையும் கற்பித்தனர். கிறித்தவ மிஷனரிமாரின் பங்கும் இங்கு விதந்து கூறத்தக்கது. மதம் மாற்றும் நோக்குடன் அவர்கள் மராத்தியில் விவிலியத்தையும் எபிரேய இலக்கணத்தையும் அச்சிட்டு வழங்கினர். மதமாற்றம் பெரிதும் நிகழவில்லை. தம் வேதத்தைத் தாய்மொழியிற் படித்த பெனே இஸ்ரவேலர் முன்னிலும் உறுதியான யூதராயினர். 1880ஆம் ஆண்டளவில், மராத்தியரின் கீர்த்தன வடிவத்தைத் தழுவி, ஆபிரகாம், யோசேப்பு முதலியோரின் கதைகளை இசையும் உரையுமாகக் கூறும் வழக்கமும் அவர்களிடையே தோன்றியது. நம்மவரின் கதாப்பிரசங்கத்துக்கு இது மிக நெருங்கியது.

ஆகவே பெனே இஸ்ரவேலர் மரபுவழி யூதத்துக்கு வந்துசேர்ந்து நூறாண்டுகளே சென்றிருந்தன. அரிதின் முயன்று கற்ற எபிரேயத் தொழுகையை ஒருவாறு பழகிக்கொண்ட வேளையில், அதன் பெரும்பகுதி வேண்டற்பாலதன்று என்று கூறும் புதுக்கொள்கை இலண்டனிலிருந்து வந்தது. பெரும்பான்மையோர் அதனை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. ஜேர்மானிய யூதருக்கு மரபு சுமையாயிருந்தது. பெனே இஸ்ரவேலருக்கோ அது புதிதாகக் கிடைத்த உடைமை. தாம் உண்மை யூதரே என்பதைப் பிறருக்கு நிறுவும் சான்றுப்பத்திரமும் கூட. ரோதெப் ஷாலோம் ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு சிறுபகுதியினரின் கூடமாகவே நிலைத்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம். ஆயினும் சங்கத்தின் தோற்றத்தில் பெண்ணொருவர் முன்னின்றமையும், பொருள் விளங்கும் மொழியில் வழிபட வழி திறந்தமையும் அற்ப நிகழ்வுகளல்ல. பம்பாயிலே 1867 முதல் இயங்கிய பிரார்த்தனா சமாஜம் இந்துக்களிடையே நிகழ்த்த முனைந்ததும் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. நாசிகளின் ஒளஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய ஹியூகோ கிரின் என்னும் இளம் குரு, அமெரிக்காவிலே பயிற்சி முடித்து, 1957 முதல் மூன்றாண்டுகள் இச்சபையில் பணியாற்றினார். பிற்காலத்தில் அவர் பிரித்தானியாவின் மிக அறியப்பட்ட யூத குருமாருள் ஒருவராக விளங்கினார்.

உண்மை யூதர் யார் என்ற வினா பெனே இஸ்ரவேலரை விடாது தொடர்ந்தது. அவர்களுக்குள்ளேயே 'கோரா', 'காளா' என்ற பிரிவு நிலவியது. யூதத் தாய்தந்தையர்க்குப் பிறந்தோர் வெள்ளையர். பிற சமூகத்துப் பெண்களுக்குப் பிறந்தோர் கரியர் என்றனர். இருசாராரும் மணவுறவு கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து வந்து பருத்தியாலும் அபினியாலும் செல்வம் குவித்த யூத வணிகரோ பெனே இஸ்ரவேலர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து ஐயுற்றனர். தமக்கெனத் தனிக் கூடங்களைக் கட்டினர். 1930களின் நடுவில் ரங்கூன் தொழுகைக்கூடத்தில் பெனே இஸ்ரவேலரின் உரிமை மறுக்கப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு பெனே இஸ்ரவேலருக்குச் சார்பாயிற்று. தமக்குக் கீழே ஒரு 'காளா' வகுப்பை வைத்திருந்தவர்கள், தம்மை மற்றொருவர் காளாவாக்கியபோது நீதி கேட்டனர் என்பதை வரலாற்று மாணவர் மறைத்தல் தகாது.

இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றியபின் அவர்களுட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். அங்கும் அவ்வினா வாசலில் நின்றது. 1962இல் அந்நாட்டுத் தலைமைக் குருபீடம், பெனே இஸ்ரவேலர் ஒருவர் பிற யூதரை மணக்க விரும்பின் அவருடைய தாய்வழி முன்னோரை இயன்றவரை பின்னோக்கி ஆராயவேண்டும் எனப் பதிவாளர்க்குப் பணித்தது. கொங்கணக் கிராமத்து எண்ணெய்க்காரனின் பாட்டிக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்? மறியலும் ஆர்ப்பாட்டமும் நிகழ்ந்தன. ஈற்றில் 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவர்களை எல்லா வகையிலும் யூதரென அறிவித்தது, குருபீடமும் பணிந்தது.

இலங்கை வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்வாண்டு வேறொன்றை நினைவூட்டும். அதே 1964இன் ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டு, எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னர்க்கென ஒத்திவைக்கப்பட்டது. அதன் வேர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் இருந்தது. தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு அச்சட்டம் கேட்டது. லிந்துலைத் தோட்டமொன்றின் லயக் காம்பராவிற் பிறந்தவனிடம் தந்தைவழியையும், கொங்கணத்து யூதப் பெண்ணிடம் தாய்வழியையும் கேட்ட இரு அரசுகளும் ஒரே வகைப் பத்திரத்தையே தேடின. ஒருசாரார்க்கு அறிவிப்பொன்றினால் ஓரிரு ஆண்டுகளில் விடிவு கிடைத்தது. மற்றையோருட் பலர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இனிக் கொச்சியை நோக்குவோம். தமிழ் மாணவர்க்கு இது நெருக்கமானதொரு களம். ஏறத்தாழ கி. பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் மொழி தமிழோடு பிரித்தறிய அரிதான அளவு நெருங்கியது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் கணத்தையும் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் அது ரப்பானுக்கு அளிக்கிறது. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலான சிறப்புகள் அவற்றுள் அடங்கும். சங்க நூல்கள் புகழும் முசிறியின் எச்சமான நிலப்பகுதியில் ஒரு யூதன் தமிழ் மன்னர்க்குரிய விருதுகளோடு நடந்தான் என்பது வியப்புக்குரியதே.

அங்குள்ள தொழுகைக்கூடங்களின் வழக்கங்களும் நாட்டு வழக்கோடு இயைந்தன. 1568இல் மட்டாஞ்சேரியில் அரண்மனைக்கு அருகே கட்டப்பட்ட பரதேசிக் கூடத்தினுள் காலணியைக் களைந்தே செல்வர். தோராத் திருநாளில் சுருள்களைத் தாங்கியவாறு கூடத்தின் வெளிப்புறத்தையும் வலம் வருவர். கேரளக் கூடங்களில் வாசக மேடை ஒன்றன்று, இரண்டு. ஒன்று நடுவில், மற்றையது மேன்மாடத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னே. ஓய்வுநாளிலும் திருநாட்களிலும் தோரா மேலேயுள்ள மேடையிலேயே வாசிக்கப்பட்டது. யூத உலகில் வேறெங்கும் காணற்கரிய இவ்வமைப்பினால் பெண்கள் வாசகத்துக்கு மிக அணித்தாயினர். கலியாணத்திலும் திருநாளிலும் ஆடவர் கேட்கப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுப் பாடினர். அப்பாட்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதித் தாய் மகளுக்குக் கையளித்தனர். ஆடவர் முன்னிலையிற் பெண்குரல் ஒலித்தல் தகாது என்று ஐரோப்பிய மரபுவாதிகள் வாதிட்ட காலத்தில் மட்டாஞ்சேரியில் அது இயல்பாக நிகழ்ந்தது. 'சீர்திருத்தம்' என்ற சொல்லைக் கேட்டறியாத ஒரு சமூகம், சீர்திருத்தவாதிகள் போராடிப் பெற்றவற்றுட் சிலவற்றை இவ்வாறு ஏற்கெனவே கொண்டிருந்தது.

ஆனால் இதே கூடத்தின் வாசலிலே ஒரு கொடுமையும் நிலைகொண்டிருந்தது. கொச்சி யூதர் மூவகையினர். பழங்குடிகளான மலபாரி யூதர் பெருந்தொகையினர். அவர்களுக்குத் தனிக் கூடங்கள் பல இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துக்கல் முதலிய இடங்களிலிருந்து ஒடுக்குமுறைக்கு அஞ்சி வந்தோரும் அவரைச் சேர்ந்தோரும் பரதேசி யூதராயினர். வெள்ளை யூதர் என்றும் அவர்கள் அறியப்பட்டனர். அவர்களுடைய வீடுகளில் அடிமைகளாயிருந்து யூத சமயத்தைத் தழுவி விடுதலை பெற்றோரின் வழிவந்தோர் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டனர். விடுவிக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். விடுவிக்கப்பட்டோர் என்ற பெயரே அடிமைத்தனத்தை என்றும் நினைவூட்டும் முத்திரையாயிற்று. பரதேசிக் கூடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை. முன்கூடத்தில் தரையிலோ படியிலோ அமரவேண்டும். தோரா வாசிக்க அழைக்கப்படார். பரதேசியருடன் மணவுறவு இல்லை. மயானத்திலும் தனியிடமே.

யூதச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இதுபற்றிக் கெய்ரோ நகரின் பேரறிஞர் தாவீது இப்னு சிம்ராவிடம் வினவப்பட்டது. முறையான நீராட்டுப் பெற்றோர் எல்லா வகையிலும் யூதரே. அவரோடு மணவுறவு கொள்ளலாம் என்று அவர் விடையிறுத்தார். 1882இல் எருசலேமிலிருந்தும் இத்தகைய தீர்ப்பே வந்தது. கேட்டவர்கள் பின்பற்றவில்லை. வேதம் ஒரு பக்கமும், சாதியமைந்த நாட்டு வழக்கு மறுபக்கமும் நின்றபோது வழக்கே வென்றது. காலணி களைவதையும் வலம் வருவதையும் சூழலிலிருந்து பெற்றவர்கள், தீண்டாமையையும் அவ்வழியே பெற்றுக்கொண்டனர் எனலாம். எனினும் பழியனைத்தையும் இந்தியச் சூழலின் மேற் சுமத்துவதும் பொருந்தாது. ஐபீரியாவில் தூய இரத்தம் என்ற கொள்கையால் துரத்தப்பட்டவர்களே கொச்சியில் அதனை வேறொரு வடிவிற் கையாண்டனர். 1848இல் மெஷுஹ்ராரிம் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட ஃபோர்ட் கொச்சிக்குச் சென்று தமக்கெனத் தொழுகையிடம் அமைத்தும் அம்முயற்சி நீடிக்கவில்லை.

இந்நிலையை உடைக்க எழுந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். அவர் பெயரிலுள்ள 'சேலம்' தமிழ்நாட்டு ஊரைக் குறிப்பதன்று. ஷாலோம் என்ற சொல்லின் உறவுடைய எபிரேயப் பெயர் அது. 1882இற் பிறந்த அவர் மெஷுஹ்ராரிம் வகுப்பின் முதற் பட்டதாரி. சென்னையிற் சட்டம் பயின்று வழக்கறிஞராகிக் கொச்சிச் சட்டசபையில் 1925 முதலும் பின்னர் 1939 முதலும் உறுப்பினராயிருந்தார். தொழிலாளர் சங்க முயற்சிகளிலும் ஈடுபட்டார். 1929இன் லாகூர்க் காங்கிரசிற் கலந்துகொண்டார். சட்டசபையில் அமர்ந்து மக்கள் சார்பிற் பேசிய அம்மனிதர், ஓய்வுநாளில் தம் வீதியிலுள்ள தொழுகைக்கூடத்திற் படியிலே அமரவேண்டியவராயிருந்தார்.

அக்கால மலையாள நாடு இதே வினாவால் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1924இல் வைக்கம் கோயில் வீதிகளில் நடப்பதற்கான சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதில் தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ரா. சென்று சிறைப்பட்டமை அறியப்பட்டதே. சேலம் தேர்ந்த வழியும் சத்தியாக்கிரகமேயாயிற்று. கூடத்தைப் பகிஷ்கரித்தார், பின் புதல்வருடன் கூடத்தினுட் சென்று அமர்ந்தார், உண்ணாநோன்பு மேற்கொள்ளவும் எண்ணினார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு இதனால் வாய்த்தது. தடைகள் ஒரே நாளில் வீழவில்லை. 1930களின் தொடக்கத்தில் இருக்கை கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே தோரா வாசிக்கும் உரிமை வந்தது. திருவிதாங்கூரிற் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்த 1936உம் இவ்விடைவெளியிலேயே அமைகிறது. கோயிலில் மன்னன் ஆணையால் திறந்த கதவு, தொழுகைக்கூடத்தில் ஒரு சிறு சமூகத்தின் மனத்தைக் கரைத்தே திறக்கவேண்டியிருந்தது. மணவுறவுத் தடை அதற்கும் மேலே நின்றது. 1950இல் சேலத்தின் புதல்வர் ஒருவர் பரதேசிப் பெண்ணொருவரை மணந்தபோது, திருமணம் கொச்சியில் நடைபெறாது பம்பாயிலேயே நடைபெற்றது.

சேலம் ஒரு சீர்திருத்தவாதியா? சீர்திருத்த யூதம் என்ற கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் ஹம்பர்க்கையும் இலண்டனையும் பம்பாய் ஒன்றியத்தையும் கூறுவர், சேலத்தைக் கூறுவதில்லை. அவர் ஒரு மன்றாட்டையேனும் மாற்றக் கோரவில்லை. ஒர்கன் வேண்டுமென்றோ ஆங்கிலம் வேண்டுமென்றோ அவர் கேட்டதில்லை. எபிரேயச் சுருளைப் பழைய முறையிலேயே பழைய மேடையில் நின்று வாசிக்க விரும்பினார்; அவ்வளவே. வழிபாட்டின் வடிவை மாற்றுவோரே சீர்திருத்தவாதிகள் எனின் அவர் பழைமைவாதி. வழிபாட்டில் யார் நிற்கலாம் என்பதை மாற்றுவதும் சீர்திருத்தமெனின், இந்திய யூதரிடையே அவரினும் ஆழமாகச் சென்றவர் இலர். ஜிராத் அம்மையாரின் ஒன்றியத்தில், அழைக்கப்பட்டிருந்தோர் தாம் அமரும் முறையை மாற்றிக்கொண்டனர். சேலமோ அழைக்கப்படாதோருக்காக வாதிட்டார். முன்னையதற்குக் கல்வியும் ஓய்வும் வேண்டும். பின்னையதற்கு அவமதிப்பை ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருக்கும் ஆற்றல் வேண்டும். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நாட்டின் மேற்குக் கரையில், ஒன்றையொன்று பெரிதும் சாராமலே நிகழ்ந்தமை ஆராயத்தக்கது.

இவ்விரு போக்குகளும் ஓரளவு கலந்த இடமாகத் தில்லியில் 1956இற் கட்டப்பட்ட யூதா ஹியாம் தொழுகைக்கூடத்தைக் கூறலாம். யூதர் மிகச் சிலரே வாழும் அந்நகரில் ஆணும் பெண்ணும் தடுப்பின்றி அமர்கின்றனர். பதின்மருள் பெண்களும் எண்ணப்படுகின்றனர். கொள்கைப் பற்றினும் தேவையே அங்கு முன்னின்றது எனத் தோன்றுகிறது.

கொச்சியின் கதை விரைவில் முடிந்தது. 1948இல் சுமார் 2,500 பேராயிருந்த கொச்சி யூதருள் மலபாரியர் 1950களில் ஏறத்தாழ முழுமையாகவே இஸ்ரேலுக்குச் சென்றனர். அப்புறப்பாட்டுக்கு உதவியவருள் சேலமும் ஒருவர்; ஆனால் அவர் மட்டாஞ்சேரியிலேயே தங்கி 1967இல் அங்கே மறைந்தார். மலபாரியரின் கடவும்பாகக் கூடத்தின் மர வேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பரதேசியரும் படிப்படியாக வெளியேறினர். அவர்களின் கூடம் அமைந்த யூதர் வீதி இன்று ஏ. பி. சேலம் வீதி எனப் பெயர் பெற்றுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலேயே அங்குப் பதின்மர் சேர்வது அரிதாயிற்று. வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கை நிறைந்த நாட்களில் மட்டும் பேழை திறக்கப்பட்டுத் தோரா வாசிக்கப்பட்டது.